எதிர்வரிசைப் போர்வை

கம்பத்தில் பள்ளிவாசல் தெருவுக்கு வந்து குதிரைக்கார வீடு எது என்று கேட்டால், மூக்கொழுகும் பிள்ளைகூடக் கை காட்டும். காட்டுகிற வீட்டில் குதிரை இருக்காது. அது போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. லாயம் இருந்த இடத்தில் இப்போது ஏலக்காய் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். குதிரை போனாலும் அதன் முதுகில் விரிக்கிற போர்வை மட்டும் போகவில்லை. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். குதிரை படுத்தால் போர்வை மட்டம் என்று அந்த வீட்டைப் பார்த்துப் புதிதாக ஒரு பழமொழி சொல்லலாம்.

சும்மா சொல்லக்கூடாது, போர்வை அழகான போர்வைதான். உள்ளே இலவம்பஞ்சுத் திண்டு, மேலே கருஞ்சிவப்பு உறை, அந்தச் சிவப்பில் மஞ்சள் மாங்காய்கள். மாங்காய் என்றால் சேலைக் கரையில் ஒரு பக்கமாக மூக்கு வளைந்து நிற்குமே, அந்த மாங்காய். அவை போர்வையின் நான்கு ஓரத்திலும் ஒன்றன்பின் ஒன்றாக, செக்குமாடு சுற்றுகிற மாதிரி ஒரே போக்கில் சுற்றி வரும். துணிமேல் ஒட்டி வைத்துத் தைத்த வேலை இல்லை அது. சிவப்புத் துணியில் மாங்காய் வடிவத்தில் ஓட்டை வெட்டி, அதே அளவுக்கு மஞ்சள் துணியை வெட்டி அந்த ஓட்டையில் பொருத்தி, உள்பக்கமாகச் சேர்த்துத் தைத்தது. வெளிமுகத்தில் ஒரு தையல் கண்ணில் படாது. வடக்கே குதிரை வாங்கப் போன முப்பாட்டனார் எங்கேயோ பார்த்து வந்து சொல்ல, வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து தைத்தார்கள் என்பது அந்த வீட்டார் சொல்லும் கதை.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை நிக்காஹுக்குப் புறப்படும் முன் தெருவின் கீழ்க்கோடியில் குதிரை ஏறி, தெரு நெடுக ஊர்வலமாக வந்து, மேல்கோடியில் இருக்கும் பள்ளிவாசலில் இறங்கி துஆ கேட்டுவிட்டுத்தான் பெண்ணின் ஊருக்கு வண்டி ஏற வேண்டும். குதிரைக்குப் பஞ்சமில்லை. ராக்கையாவின் ஜட்காக் குதிரை மற்ற நாளெல்லாம் சந்தைக்கு ஆள் இழுக்கும், கல்யாண நாளில் குளித்து மாலை போட்டுக்கொண்டு வரும். ஆனால் அதன் முதுகெலும்பு ரம்பம் மாதிரி. வெறும் முதுகில் ஏறுகிற மாப்பிள்ளை நிக்காஹுக்குப் போவதற்குப் பதில் வைத்தியர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதனால் போர்வை வேண்டும். போர்வை வேண்டுமென்றால் குதிரைக்கார வீட்டில் போய்க் கேட்க வேண்டும். கொடுத்தால் மாப்பிள்ளை குதிரையில் வருவான். கொடுக்காவிட்டால் நடந்து வருவான்.

நடந்து வந்தவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, நடைமாப்பிள்ளை. அந்தப் பெயர் ஒட்டினால் உடும்புப் பிடிதான், மயிர் நரைத்த பிறகும் விடாது. சந்தேகமிருந்தால் மீரான் மைதீனைக் கேட்டால் போதும்.

மீரான் மைதீன் குதிரைக்கார வீட்டுக்கு நேர் எதிர்வரிசையில் குடியிருக்கும் மெத்தைக்காரர். எதிர்வரிசை என்றால் பஞ்சு அடைக்கிறவர், பாய் விற்கிறவர், ஈயம் பூசுகிறவர், வண்டிக்குக் குடை கட்டுகிறவர் என்று கைவேலை செய்கிறவர்கள் வரிசை. அந்த வரிசையிலிருந்து யாரும் போர்வை கேட்டதும் இல்லை, குதிரை ஏறியதும் இல்லை. மீரான் மைதீன் தன் கல்யாணத்தன்று புதுச் செருப்புக் கடிக்கக் கடிக்க நடந்தே போனார். அவருக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதைவிட நடைமாப்பிள்ளை என்றால் சீக்கிரம் திரும்புவார். அவருக்கும் சேர்த்து வருத்தப்பட்டவள் அவருடைய மனைவி சுல்தான் பீவி.

சுல்தான் பீவியின் தையலைப் பற்றிக் கூடலூர் வரைக்கும் பேச்சு உண்டு. இலவம்பஞ்சு பொல்லாதது. ஊசித்துளை கிடைத்தால் போதும், இழை இழையாக வெளியே வந்து வீடெல்லாம் பறக்கும். சுல்தான் பீவி தைத்த உறையில் அது நடக்காது. புருசன் பஞ்சை அடைத்து எவ்வளவு மிதித்தாலும் தையல் வாய் திறக்காது. இந்தப் பெருமை அவளுக்கே நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிற பழக்கமும் அவளுக்குக் கிடையாது.

குதிரைக்கார வீட்டுப் போர்வைக்கு வைத்தியம் பார்த்ததும் அவள்தான். நாலைந்து கல்யாணம் கண்டால் பஞ்சு கட்டிப்போகும், மாங்காய் ஓரங்களில் நூல் இற்றுப்போகும். அப்போது திண்டைத் தனியாகவும் உறையைத் தனியாகவும் கொடுத்தனுப்புவார்கள். அந்த வீட்டின் மூத்தவள் பாத்துமுத்து, உறையை அனுப்பும் முன் உள்பக்கம் வெளியே வரும்படி தன் கையால் திருப்பித்தான் அனுப்புவாள். மெத்தைக்காரர் வீட்டில் தூசி, மேல்முகம் அழுக்காகிவிடுமாம். சுல்தான் பீவியும் உள்பக்கத்திலேயே இற்ற தையலைப் பிரித்துப் புதுத் தையல் போட்டு, திருப்பாமலே மடித்துக் கொடுப்பாள். இப்படிப் பல வருடம். ஊர்வலத்தில் வெளிமுகத்தைப் பார்த்திருக்க மாட்டாளா என்றால், கதவு இடுக்கு வழியாக, முன்னால் நிற்கிற ஆண்களின் தலைகளுக்கு மேலே, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு நேரம் சரியாக இருக்கும். போர்வையை அவள் தன் கையால்தான் அறிந்து வைத்திருந்தாள்.

மகன் ஷரீப்புக்கு உத்தமபாளையத்தில் பெண் அமைந்ததும் சுல்தான் பீவி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தெருவைக் கடந்து குதிரைக்கார வீட்டுக்குப் போனாள். மீரான் மைதீன் வேண்டாம் என்றுதான் சொன்னார். அவள் கேட்கவில்லை.

பாத்துமுத்து நன்றாகத்தான் உபசரித்தாள். தேயிலைத் தண்ணீர் கொடுத்தாள், பெண்ணைப் பற்றி விசாரித்தாள். பிறகு சுல்தான் பீவி வந்த காரியத்தைச் சொன்னாள்.

"போர்வையா?" என்றாள் பாத்துமுத்து. "அது குதிரை வச்சிருந்த வீடுகளுக்குள்ள பொழங்குறதாச்சே பிள்ள."

"போன வருசம் மளிகைக்கடைக்காரவுக மகன் ஏறுனாரே மாமி. அவுக குதிரையா வச்சிருந்தாக?"

"அவுக வேற." பாத்துமுத்துவின் குரலில் கோபம் இல்லை. பருப்பு விலை சொல்லுகிற மாதிரி சொன்னாள். "தொட்டுத் தைக்கிறவுக வேற, ஏறி உக்கார்றவுக வேற. ஒன்னயக் கொறச்சுச் சொல்றேன்னு நெனைக்காத. ஒந் தையலுக்கு ஈடு இந்த ஊர்ல இல்ல."

சுல்தான் பீவி தேயிலைத் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் எழுந்தாள். பாதியில் எழுந்தால் அழுதுகொண்டு போனாள் என்று கதை கட்டுவார்கள். அவளுக்கு அழுகை வரவும் இல்லை. தையல் மட்டும் அவர்களுக்கு வேண்டும், தைத்தவள் பிள்ளை வேண்டாம் என்கிற எரிச்சல்தான் வந்தது.

"நடந்து போனா என்ன, காலு தேஞ்சா போயிரும்?" என்றார் மீரான் மைதீன். "நானும் நடந்து போயித்தான ஒன்னயக் கட்டுனேன்."

"அதத்தான இன்னமும் சொல்லிக்கிட்டிருக்காக. நடைமாப்பிள்ளை மகன் நடைமாப்பிள்ளைன்னு எம் பிள்ளையச் சொல்ல விடமாட்டேன். அவன் குதிரையிலதான் போவான்."

"போர்வைக்கு எங்க போவ?"

"போர்வை எங்கிட்ட இருக்கு." அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "இதுல இருக்கு. இனிமே துணியில இறக்க வேண்டியதுதான்."

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. ராக்கையாவிடம் பழைய சேணத் தோலில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பதுபோலக் காற்றில் வரைந்து பார்த்து, மாங்காய் அச்சு ஒன்று வெட்டினாள். வெட்டியதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. அந்த வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிற மாங்காய், அச்சு அசலாக இங்கே வந்துவிட்டது.

ஆனால் அப்படியே எடுத்துத் தைத்தால் அவர்கள் போர்வையின் நிழல் என்று சொல்லிவிடுவார்கள். மாதிரி அவர்களுடையது, போர்வை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். சிவப்புத் தரை வேண்டாம். தேனிச் சந்தைக்குப் போன ஆளிடம் சொல்லி அடர்நீலத் துணி வரவழைத்தாள். மாங்காய்க்குச் சிவப்பு. பழைய போர்வையில் மாங்காயின் வயிற்றில் ஒன்றும் இருக்காது, வெறும் மஞ்சள்தான். இவள் ஒவ்வொரு மாங்காயின் வயிற்றிலும் வெள்ளைத் துணியில் ஐந்து இதழ் இலவம்பூ வைத்தாள். இந்த வீட்டுக்குச் சோறு போடுகிற மரத்தின் பூ, அது குதிரை மேல் போகட்டுமே என்று சொன்னாள்.

திண்டு மீரான் மைதீனின் பொறுப்பு. முதலில் வேண்டாம் என்றவர், மாங்காய்கள் ஒவ்வொன்றாக நீலத்தில் உட்காருவதைப் பார்த்துப் பார்த்து, தானும் சும்மா இருக்க முடியாமல் ஆகிவிட்டார். சாதாரணத் திண்டு என்றால் குதிரை நடக்க நடக்கப் பஞ்சு இரண்டு பக்கமும் சரிந்து, நடுமுதுகு வெறும் துணியாகிவிடும். அதற்காக உள்ளே அறை அறையாகத் தடுத்துத் தைக்கச் சொல்லி, ஒவ்வொரு அறையிலும் விரலால் குத்திக் குத்திப் பஞ்சு அடைத்தார். முடித்ததும் ஷரீப்பைத் தரையில் விரித்த திண்டில் உட்கார வைத்து, எழுந்திருக்கச் சொல்லி, பள்ளம் விழுகிறதா என்று பார்த்தார். விழவில்லை. மூன்று தரம் உட்கார வைத்தார்.

"அத்தா, கல்யாணத்துக்கு முன்னாலயே எனக்கு இடுப்பு வலிக்குது" என்றான் ஷரீப்.

பஞ்சு கொடுத்தது மொக்கம்மாள். கூடலூர்ப் பாதையில் அவளுக்கு நிலமும் வரப்போரத்தில் இலவமரங்களும் உண்டு. வெடித்த காய்களைச் சாக்கில் கட்டிக் கொண்டு வந்து போட்டுவிட்டு, அரை நாள் பேசிவிட்டுத்தான் போவாள். சுல்தான் பீவியை மதினி என்றுதான் கூப்பிடுவாள். மதினி என்று கூப்பிடுவதில் ஒரு வசதி, எதை வேண்டுமானாலும் சொல்லிக் கேலி செய்யலாம். கம்பத்தில் நடக்கிற எந்தக் கல்யாண ஊர்வலத்தையும் அவள் விட்டதில்லை. அழைப்பு இருக்கிறதா என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டே இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சுல்தான் பீவி யாருக்குத் தைத்தாலும் துணியின் உள்பக்கத்தை மேலே வைத்துத்தான் தைப்பாள். இந்த ஒரு போர்வையை மட்டும் அவள் வெளிமுகத்தை மேலே வைத்து அடுக்கினாள். ஊரார் வேலைக்கு உள்பக்கம் பார்த்து உட்கார்ந்தது போதும், தன் பிள்ளைக்குத் தைக்கிறதை முகம் பார்த்துத் தைப்போம் என்று ஆசை. அந்த ஆசையில் தப்பில்லை. நீலமும் சிவப்பும் வெள்ளையுமாக அது வளர்வதைப் பார்த்துக்கொண்டே தைத்த நாட்களில் அவள் ஒரு சுற்றுப் பருத்துவிட்டாள் என்று மீரான் மைதீன் பிற்பாடு சொன்னார்.

போர்வை முடிந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. வெயில் பட்டால் பஞ்சு உப்பும் என்று முற்றத்துக் குட்டைச் சுவர்மேல் குதிரைக்குப் போடுகிற மாதிரியே போட்டு வைத்தாள். அப்போது மொக்கம்மாள் வந்தாள்.

"ஆத்தாடி, செவுத்துக்குக் கல்யாணமா மதினி?" என்று தொடங்கியவள், கிட்டே போய்த் தொட்டுப் பார்த்து, ஒவ்வொரு பூவாக எண்ணுகிற மாதிரி விரல் வைத்துக்கொண்டே சுவரின் அந்தப் பக்கம் போனாள். பிறகு இந்தப் பக்கம் வந்தாள். மறுபடி அந்தப் பக்கம் போனாள். பேச்சு நின்றுவிட்டது. மொக்கம்மாள் வாயை மூடிக்கொண்டால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

"என்ன?" என்றாள் சுல்தான் பீவி.

"குருதத் தலை பள்ளிவாசப் பக்கந்தான இருக்கும்?"

"குதிரைத் தலை வேற எங்க இருக்கும்?"

"அப்ப குதிரைக்காரவுக வரிசையில நிக்கிறவுகளுக்கு மாங்கா மூக்கு வாலப் பாத்துல்ல போகுது. அவுக போர்வையில அப்பிடி இல்ல மதினி. அங்கன நின்னு நா எத்தனையோ தடவ பாத்திருக்கேன். மாப்பிள்ளை போற பக்கந்தான் மூக்கும் போகும்."

சுல்தான் பீவி போர்வையை எடுத்து வால் பக்கத்தைத் தலைப் பக்கமாகத் திருப்பிப் போட்டாள். மூக்குகள் முன்பு போன போக்கிலேயே போயின. செக்குமாட்டை எந்த மூலையில் நின்று பார்த்தால் என்ன, அது சுற்றுகிற போக்கில்தானே சுற்றும். இன்னொரு தரம் திருப்பினாள். பிறகு அப்படியே நின்றாள். எங்கே சறுக்கியது என்று அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இத்தனை வருடம் உள்பக்கம் பார்த்து மனதில் வாங்கியதை, முகம் பார்த்து அடுக்கியிருக்கிறாள். உள்பக்கத்தில் இடதாக இருப்பது முகத்தில் வலது. ஒரு தலையணை உறை தைக்கிற சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரிந்த விஷயம். எல்லா மாங்காயும் எதிர்ப்போக்கில் சுற்றிக்கொண்டிருந்தன.

அவள் வாழ்நாளில் தையலில் தப்புச் செய்ததில்லை. அந்தத் தப்பும் இப்போதுதான் வர வேண்டுமா என்று நொந்துகொண்டாள். பாத்துமுத்து என்ன சொல்லுவாள் என்பதை அவளால் வார்த்தை வார்த்தையாகக் கேட்க முடிந்தது. பார்த்துத் தைக்கக்கூடத் தெரியவில்லை, ஏறி உட்கார வந்துவிட்டார்கள் என்பாள். ஊரே சிரிக்கும். நடைமாப்பிள்ளை என்ற பெயருக்கு மேலே இன்னொரு பெயரும் சேரும்.

உள்ளே போய்க் கத்தரியை எடுத்து வந்தாள்.

"பிரிக்கப் போறியா?" மீரான் மைதீன் பதறிப்போனார். "ரெண்டு நாள்ல எப்பிடித் திருப்பித் தைப்ப? பிரிச்சா பிரிச்சதுதான், பிள்ளை நடந்துதான் போகணும்."

"தப்பானதுல ஏறிப் போறதுக்கு நடந்து போறது மேலு."

ஒரு மாங்காயின் ஓரத்தில் கத்தரி முனையை வைத்தாள். வைத்தவள் அறுக்கவில்லை. மொக்கம்மாள் சொன்னதில் ஒரு வார்த்தை அவளுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது.

"அவுக வரிசையில நின்னு பாத்தேன்னு சொன்ன. எங்க வரிசையில நின்னு பாத்திருக்கியா?"

"பாக்காம என்ன. கூட்டத்துல எங்க எடம் கெடைக்குதோ அங்கன நிப்பேன்."

"இங்கன நின்னா அவுக மாங்கா எப்பிடிப் போகும்?"

மொக்கம்மாள் யோசித்தாள். "பின்னாலதான் போகும். எப்பவும் அப்பிடித்தான். நாங்கூட நெனச்சிருக்கேன், மாப்பிள்ளை முன்னால போறாரு, மாங்கா கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போகுதேன்னு."

சுல்தான் பீவி கத்தரியைக் கீழே வைத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம், தன் வீட்டு வாசல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வந்து நின்று போர்வையைப் பார்த்தாள். சிவப்பு மாங்காய்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மூக்கை நீட்டிக்கொண்டு, பள்ளிவாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

அந்த வீட்டுப் பெண்கள் அந்தக் காலத்தில் தங்கள் வாசலில் நின்று பார்த்தால் அழகாகத் தெரிகிற மாதிரி தைத்துக்கொண்டார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, யாரும் தன் வாசலுக்குத்தான் கோலம் போடுவார்கள். ஆனால் தெருவுக்கு இரண்டு வரிசை இருக்கிறது. இந்த வரிசைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பின்னால் போகிற மாங்காயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அதுதான் மாங்காய்க்கு லட்சணம் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"இது இப்பிடியே இருக்கட்டும்" என்றாள்.

"தப்பாத்தான தச்ச மதினி?" என்றாள் மொக்கம்மாள். அவளுக்கு எதையும் விட்டுக்கொடுக்க மனசு வராது.

"தப்பாத்தான் ஆரம்பிச்சேன். இப்ப வேணும்னு வச்சிருக்கேன்."

மீரான் மைதீன் கத்தரியை எடுத்துத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டார். மனைவியின் மனசு மாறினால் மாறட்டும், கத்தரி கிடைக்கக்கூடாது என்பது அவர் கணக்கு.

கல்யாணத்தன்று சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் தெருவின் கீழ்க்கோடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மெத்தைக்காரர் மகன் குதிரை ஏறப்போகிறான் என்ற செய்தி முந்தின நாளே ஊரைச் சுற்றி வந்திருந்தது. போர்வை ஏது என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள்தான் பாதிப் பேர். ராக்கையா குதிரையைக் குளிப்பாட்டி, நெற்றியில் பூ கட்டிக் கொண்டு வந்திருந்தார். மீரான் மைதீன் மடித்த போர்வையைத் தோளில் சுமந்து வந்து, குதிரையின் முதுகில் போட்டு விரித்தார். நீலம் விரிந்ததும் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நம்ம குதிரை மாதிரியே தெரியலியே" என்றார் ராக்கையா.

ஷரீப் ஏறி உட்கார்ந்தான். முகத்தில் பூச்சரம் தொங்கியது. வாழ்த்துப் பாட்டான பைத்தைப் பாடுகிறவர்கள் தொடங்க, ஊர்வலம் நகர்ந்தது. சுல்தான் பீவி மற்ற கல்யாணங்களில் கதவு இடுக்கில் நிற்பவள். அன்று துப்பட்டியைச் சரியாக இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வெளியே வந்து, தெரு ஓரத்தில் நின்றாள். அவளைப் பார்த்து எதிர்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தாண்டி வெளியே வந்தார்கள். ஈயம் பூசுகிறவர் மனைவி வந்தாள், பாய்க்கடைக்காரர் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அழைக்காமலே மொக்கம்மாளும் முன்வரிசையில் நின்றாள்.

குதிரை கிட்டே வந்தபோதுதான் அவர்கள் பார்த்தார்கள். நீலத்தில் சிவப்பு மாங்காய்கள், வயிற்றில் வெள்ளைப் பூவோடு, மாப்பிள்ளை போகிற பக்கமே மூக்கை வைத்துக்கொண்டு போயின. குதிரை கால் எடுத்து வைக்க வைக்க அவையும் ஒரு அடி முன்னால் போகிற மாதிரி இருந்தது.

"நம்ம பக்கம் முன்னால போகுதுடீ" என்று பாய்க்கடைக்காரர் மனைவி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அந்தப் பேச்சு வாசல் வாசலாகத் தாவிப் போனது. சுல்தான் பீவி அதைக் காதால் கேட்டாள். வயிறு குளிர்ந்தது என்று சொல்வார்களே, அது உண்மையிலேயே நடக்கிற விஷயம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

குதிரைக்கார வீட்டு வாசலில் எந்த ஊர்வலமும் கொஞ்சம் நின்று போகும், அந்த வீட்டார் பன்னீர் தெளிப்பார்கள். ராக்கையாவுக்குப் பழக்கம் விடவில்லை, கடிவாளத்தைப் பிடித்து நிறுத்திவிட்டார். பாத்துமுத்து வெள்ளைத் துப்பட்டியோடு வாசலில் நின்றிருந்தாள், கையில் பன்னீர்ச் செம்பு. அவள் போர்வையை மேலும் கீழும் பார்த்தாள். யார் தைத்தது என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அப்புறம் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற சுல்தான் பீவியைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு சுல்தானு. ஆனா மூக்கெல்லாம் வாலப் பாத்துப் போகுதே. மாத்தித் தச்சிட்டியே பிள்ள."

பைத்து நின்றது. குதிரைக்கார வீட்டு வரிசையில் யாரோ சிரித்தார்கள். குதிரை மேல் ஷரீப் பூச்சரத்தை விலக்கித் தாயைப் பார்த்தான். மீரான் மைதீன் தன் செருப்பைப் பார்த்தார்.

"அங்கனருந்து பாத்தா அப்பிடித்தான் தெரியும் மாமி" என்றாள் சுல்தான் பீவி. "இங்கன வந்து நின்னு பாருங்க."

பாத்துமுத்து அந்தத் தெருவில் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எதிர்வரிசைக்கு வந்ததில்லை. வேண்டியதெல்லாம் அந்த வரிசையிலிருந்து அவள் வாசலுக்கு வந்து சேர்ந்துவிடும், அவள் எதற்கு வர வேண்டும். இப்போது சற்று நேரம் யோசித்தாள். வராமல் இருந்திருந்தால் யாரும் அவளை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவளுக்கும் தையல் தெரியும், துணியின் நல்லது கெட்டது தெரியும். தெரிந்தவளுக்குப் பார்க்காமல் இருப்பது கஷ்டம். பன்னீர்ச் செம்போடு படியிறங்கினாள். ஆண்கள் விலகி வழி விட்டார்கள். குதிரைக்கு முன்னால் தெருவைக் கடந்து வந்து, சுல்தான் பீவிக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

வெகுநேரம் பார்த்தாள்.

"எங்களது இங்கனருந்து பாத்தா எப்பிடிப் போகும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பின்னால போகும் மாமி."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"ஒருத்தரும் சொல்லலியே."

"யாரு கேட்டாக?"

பாத்துமுத்து இரண்டு எட்டு முன்னால் போய், ஓர் இலவம்பூவின்மேல் விரலை வைத்து, ஓரத்தில் தையல் எங்கே என்று தடவித் தேடினாள். கிடைக்கவில்லை. செம்பைச் சாய்த்து முதலில் குதிரைக்கும் மாப்பிள்ளைக்கும், பிறகு போர்வைக்கும் பன்னீர் தெளித்தாள். போர்வைக்கு அவள் தெளித்து ஊர் பார்த்ததில்லை.

"நல்லாத் தச்சிருக்க" என்றாள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் எல்லாம் உங்க ஆசீர்வாதம் என்று குனிந்திருப்பாள். அப்படிச் சொல்லத் தெரியாதவள் இல்லை சுல்தான் பீவி. சொல்ல வேண்டிய இடம் இது இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எனக்குத் தெரியும் மாமி" என்றாள்.

ராக்கையா நாக்கைச் சொடுக்கினார். பைத்து மறுபடி எழுந்தது. குதிரை நகர, மாங்காய்களும் நகர்ந்தன. எதிர்வரிசைப் பெண்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் அதைத் தெரிந்துகொண்டே நிமிர்ந்து நின்றாள். அன்றைக்கு அந்தத் தெருவில் அவளைவிட உயரத்தில் இருந்தவன் ஒருவன்தான். அவன் அவள் தைத்த போர்வைமேல் உட்கார்ந்திருந்தான்.